ஒன்பதாவது அடை

“சாமி, என்ற கோவத்த எடுத்துப்போடுங்க.”

சம்பூர்ணம் இதைச் சொன்னபோது கரட்டுச் சாமி வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தார். அவசரமில்லாமல் வாயைக் கொப்பளித்தார். அப்புறம் அவளுக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்தார்.

அது அவள் கணவர் நாச்சிமுத்து. ஓடாத மோட்டாரைக் கொண்டுவந்து பட்டறையில் இறக்கியவரைப்போல நின்றார்.

கரடு என்றால் எங்கள் பக்கம் சின்னக் குன்று. அதன் அடிவாரத்தில் ஓடு வேய்ந்த ஒரு மடம். அங்கே இருந்தது இரண்டே பேர். ஒருவர் சாமி. இன்னொருவர் அவருக்குச் சமைத்துப் போடும் வேலப்பன். சாமியார் ஆவதற்கு முன்னால் சாமி லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். சம்பூர்ணத்தைவிடப் பத்து வயது இளையவர். அதனால் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்.

நடந்ததை நாச்சிமுத்துதான் சொன்னார்.

வீட்டில் ஐந்து பேர். அவர், அவருடைய அப்பா, வேலைக்குப் போகிற இரண்டு மகன்கள், இவள். கடைப் பலகாரம் வீட்டு வாசல்படி ஏறாது. இருபத்தாறு வருஷமாகக் காலையில் கம்பு அடைதான். கம்பு, மூன்று பருப்பு, முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம். அதைத் தின்றுதான் அவருடைய அப்பா எண்பது வயதிலும் கண்ணாடி போடாமல் பேப்பர் படிக்கிறார்.

“எல்லாரும் ஒண்ணா உக்காந்துதானுங்க சாமி சாப்புடுவோம். அதுல எங்க குடும்பத்த ஊரே மெச்சும்.”

போன வெள்ளிக்கிழமை எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பெரியவன் இன்னொன்று கேட்டான். சின்னவன் முறுகலாக ஒன்று கேட்டான். இவள் அடுப்பை அணைத்தாள். மாவுக் குண்டாவைத் தூக்கினாள். கொல்லைக்குப் போய் மாட்டுத் தொட்டியில் கவிழ்த்துவிட்டாள்.

“மாடு என்ன பண்ணுச்சு?” என்று கேட்டார் சாமி.

“நல்லாத் தின்னுச்சுங்க.”

சாமி தலையை ஆட்டிக்கொண்டார்.

நாச்சிமுத்து முடிவோடுதான் வந்திருந்தார். ஏழு நாள் இவள் மடத்தில் இருக்கட்டும். கோபம் தீர்ந்தால் வந்து கூட்டிப்போகிறேன். தீராவிட்டால் இவளுடைய அண்ணன் வீடு கோபியில் இருக்கிறது, அங்கேயே போய் இருந்துகொள்ளட்டும். இதைப் பெண்டாட்டியின் எதிரிலேயே சொன்னார்.

அண்ணன் வீட்டைச் சொன்னதும் சம்பூர்ணத்துக்கு முகம் சின்னதாகிவிட்டது. பொங்கலுக்குப் போனாலே மூன்றாம் நாள் அண்ணி இவளுடைய பையைத் தானாகவே எடுத்து வாசலில் வைத்துவிடுவாள். அங்கே போய் எத்தனை நாள் இருப்பது?

சாமி அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அன்னிக்குக் காலைல நீங்க என்ன சாப்புட்டீங்க, அக்கா?”

“என்ன சாமி, அடைதானுங்க,” என்றார் நாச்சிமுத்து.

“அக்காளக் கேட்டேன்.”

சம்பூர்ணம் யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள்.

“நெனப்பில்லீங்க சாமி.”

நாச்சிமுத்து பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

அவள் பையிலிருந்து ஒரு நோட்டும் பேனாவும் எடுத்தாள். கோபம் அடங்குவதற்கு மந்திரம் சொல்லித் தருவார்கள், எழுதிக்கொள்ள வேண்டும் என்று வாங்கிவந்திருந்தாள்.

“அடை சுடுங்க,” என்றார் சாமி.

“மந்தரமுங்க?”

“தெனமும் காலைல அடை சுடுங்க. கோவம் வந்தா வந்து சொல்லுங்க.”

அவள் நோட்டை மூடிவிட்டாள். இந்தச் சாமியிடம் வருகிற பாதிப் பேர் இப்படித்தான் எழுதாத நோட்டோடு திரும்பிப் போவார்கள். போகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டும் போவார்கள்.

அதுவரை மடத்தில் தவம் என்று ஏதாவது நடந்தது என்றால், அது வேலப்பன் காய்ச்சும் கஞ்சியைக் குடிப்பதுதான். சாமிக்கு ஒரு வேளைச் சாப்பாடு. மத்தியானம் ஒரு சட்டி கஞ்சி, அத்தோடு சரி. அந்தக் கஞ்சியை இரண்டு வேளை குடிக்க யாராலும் ஆகாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சம்பூர்ணம் சாயங்காலமே கம்பையும் பருப்பையும் ஊறப்போட்டாள். விடிந்ததும் ஆட்டுக்கல்லில் வரமிளகாயோடு சேர்த்துக் கொரகொரப்பாக ஆட்டி எடுத்தாள். கீரையை உருவிப் போட்டாள். தோசைக்கல்லில் மாவைக் கையாலேயே தட்டி, நடுவில் விரலால் ஒரு குழி போட்டு, குழியில் கடலெண்ணெய் விட்டாள். மடம் முழுக்க வாசம் ஏறியது.

வேலப்பன் நான்கு தின்றான். தின்றுவிட்டு விரலையும் நக்கினான்.

சாமி காலையில் உட்கார்ந்து சாப்பிட்டதை வேலப்பன் அன்றுதான் முதல்தடவையாகப் பார்த்தான். ஒரே ஒரு அடை. அதையும் மெல்ல மெல்லப் பிட்டுத் தின்றார்.

“கோவம் வந்துச்சா, அக்கா?”

“வரலீங்க.”

“ஓ,” என்றார் சாமி. எழுந்து போய்விட்டார்.

இரண்டாம் நாள் இரண்டு சாப்பிட்டார். கோபம் வந்ததா என்றார். வரவில்லை என்றாள்.

மூன்றாம் நாள், ஓரம் முறுகலாக இருக்க வேண்டும், நடு மட்டும் மெத்தென்று இருக்க வேண்டும் என்றார். அவள் சுட்டுப் போட்டாள். நாலாம் நாள் வெங்காயம் இல்லாமல் வேண்டும் என்றார். அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

“எங்க மாமனாரும் இப்பிடித்தானுங்க. மாவுல வெங்காயத்தப் போட்டப்பொறம் வந்து சொல்லுவாரு.”

“அப்ப என்ன பண்ணுவீங்க?”

“பொறுக்கிப் போடுவனுங்க.”

“கோவம் வந்துச்சா?”

“இல்லீங்க சாமி. கொஞ்சங்கூட வரலீங்க.”

சொல்லும்போது அவளுக்குப் பெருமையாக இருந்தது. சாமியின் முகத்தில் அந்தப் பெருமை இல்லை. பரீட்சையில் பெயிலானவர்போல எழுந்து போனார்.

அன்று மத்தியானம் அவர் கஞ்சி குடிக்கவில்லை. பாயில் ஒருக்களித்துப் படுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். வேலப்பன் ஓமம் கொதிக்க வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். ஒரு வேளைக்குப் பழகின வயிறு சாமி, எதற்கு இந்த வீம்பு என்று கேட்டான். சாமி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் நான்கு. சாமி சாப்பிடட்டும், நீங்களும் வந்து உட்காருங்கள் அக்கா என்று வேலப்பன் அவளைக் கூப்பிட்டான். ஆகட்டும், சாமி முடிக்கட்டும் என்றாள். சாமி முடித்தபோது குண்டாவில் மாவும் முடிந்திருந்தது. அவள் குண்டாவைக் கழுவி வைத்துவிட்டு வேலப்பனின் கஞ்சியை ஊற்றிக் குடித்தாள்.

ஆறாம் நாள் ஆறு. அதில் ஐந்தாவதைச் சாமி ஒரு வாய் பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்தினார்.

“ஆறிப்போச்சு. வேற.”

அவள் மறுபேச்சில்லாமல் வேறு சுட்டாள். ஆறிப்போனதை அடுப்பங்கரையில் நின்றபடியே தானே தின்றாள். வேலப்பன் இதைப் பார்த்தான். அவனுக்குச் சாமிமேல் ஆத்திரமாக வந்தது. இத்தனை வருஷமாக இந்த மனுஷனையா பெரிய மகான் என்று ஊரெல்லாம் சொல்லிவந்தேன் என்று அவனுக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலம் சம்பூர்ணம் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். சாமியின் காலில் விழுந்தாள்.

“என்ற கோவம் போயிருச்சுங்க சாமி. ஆறு நாளா ஒரு பொட்டு வரலீங்க. நாளைக்குக் காலைல அவரு வந்துருவாரு. தைரியமா ஊட்டுக்குப் போவனுங்க.”

சாமி காலை இழுத்துக்கொண்டார்.

“போகலீங்க, அக்கா.”

“சாமி?”

“இன்னும் வரவே இல்லியே. வராதது எப்பிடிப் போகும்?”

அவள் எழுந்து நின்றாள். ஆறு நாள் இந்த ஆளுக்கு ஆட்டி, சுட்டு, ஆறிப்போனதையும் தின்று, அதற்கு இதுவா பேச்சு என்று நினைத்தாள். போய் மறுநாளைக்கு ஊறப்போட்டாள். ஏழாம் நாள் மத்தியானம் பக்கத்து ஊர் ஆட்கள் சாமியைப் பார்க்க வருவார்கள் என்று வேலப்பன் சொல்லியிருந்ததால், இன்னொரு குண்டாவிலும் சேர்த்து ஊறப்போட்டாள்.

ஏழாம் நாள்.

நாச்சிமுத்து வருகிற பஸ் எட்டு மணிக்கு. சாமி விடிந்ததுமே இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முதல் அடை போனது. இரண்டாவது போனது. மூன்றாவதுக்கு வெல்லம் கேட்டார். நாலாவதுக்கு வெல்லம் வேண்டாம், சட்னி என்றார். ஐந்தாவது முறுகல். ஆறாவது மெத்து. ஏழாவதை ஆறிப்போச்சு என்றார், அவள் அதைக் கல்லில் திருப்பிப் போட்டுச் சுடவைத்துக் கொடுத்தாள்.

“போதுமுங்க சாமி,” என்றான் வேலப்பன். சாமி அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

எட்டாவது அடையை இலையில் போடும்போது அவள் முதல்தடவையாகச் சாமியின் முகத்தைப் பார்த்தாள். அடை சுடுகிறவர்கள் தட்டைத்தான் பார்ப்பார்கள், தட்டு காலியா இல்லையா என்று. முகத்தைப் பார்ப்பதற்கு நேரம் ஏது. சாமிக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. ஒவ்வொரு வாயையும் மருந்து விழுங்குவதுபோல விழுங்கினார்.

எட்டாவதும் முடிந்தது. சாமி ஒரு விரலைத் தூக்கினார்.

“இன்னொண்ணு.”

அவள் அடுப்புக்குத் திரும்பினாள். குண்டாவில் ஒரு அடைக்குத்தான் மாவு இருந்தது. வழித்துக் கல்லில் தட்டினாள். குழி போட்டாள். எண்ணெய் விட்டாள். ஓரம் சிவந்து வந்தது. திருப்பினாள். கீரை பொரிகிற வாசம் முகத்தில் அடித்தது.

அப்போது அவள் வயிறு சத்தம் போட்டது.

நல்ல சத்தம். வேலப்பனுக்கே கேட்டது.

அவள் அடையை எடுத்தாள். இரண்டு எட்டு வைத்தாள். நின்றாள்.

“சாமி, இது எனக்குங்க.”

வேலப்பன் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது.

“எனக்குப் பசிக்குது, அக்கா,” என்றார் சாமி.

“பசிக்கட்டுங்க.”

“நான் உங்க குரு.”

“இருந்துட்டுப் போங்க.”

“குரு கேட்டு இல்லைன்னா பாவம் வரும்.”

“வந்தா வரட்டுங்க சாமி. நான் பாத்துக்கறேன்.”

அவள் வேறொரு இலையை எடுத்தாள். சாமிக்கு நேர் எதிரில், காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்தாள். அடையை இலையில் போட்டாள்.

சாமி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“கோவமா, அக்கா?”

அவள் அந்தக் கேள்விக்கு யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே தேடிப் பார்த்தாள்.

“இல்லீங்க,” என்றாள். “பசிங்க.”

சாமி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

“வேலப்பா, ஓமத்தண்ணி கொண்டா. ஏழு நாளா இதுக்குத்தான் தின்னேன். இதையும் அக்கா குடுத்திருந்தாங்கன்னா நான் செத்தே போயிருப்பேன்.”

வேலப்பன் ஓடினான்.

சம்பூர்ணம் இது எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு வாய் பிட்டு வைத்தாள். நாக்கு சுட்டது. ஓரம் நொறுங்கியது, நடு மெத்தென்று இருந்தது, எண்ணெயில் வெந்த வெங்காயம் இனித்தது. இரண்டாவது வாய் வைத்தாள். கல்லிலிருந்து எடுத்த சூட்டில் தன் கை அடை எப்படி இருக்கும் என்பது இருபத்தாறு வருஷமாக அவளுக்குத் தெரியாது. அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அழுகையா வயிற்றெரிச்சலா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

“இதையா இத்தன வருசமா தின்னுக்கிட்டு இருந்தாங்க?” என்றாள்.

அந்த நேரத்துக்கு நாச்சிமுத்து உள்ளே வந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர், நல்ல பசி. வாசம் பிடித்தபடியே செருப்பைக் கழற்றினார். சாமிக்கு ஒரு கும்பிடு போட்டார். ஒரு இலையை இழுத்துப் போட்டு, வீட்டில் உட்காருவதுபோலவே உட்கார்ந்தார்.

“கோவம் போச்சுங்களா சாமி?”

சாமியால் பேச முடியவில்லை. பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. கையை மட்டும் சம்பூர்ணத்தின் பக்கம் நீட்டினார்.

நாச்சிமுத்து அதை நல்ல பதிலாகவே எடுத்துக்கொண்டார்.

“பத்தேகால் பஸ்ஸப் புடிக்கோணும். எனக்கு ரெண்டு போடு. தின்னுட்டுக் கெளம்பலாம்.”

சம்பூர்ணம் எழுந்திருக்கவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள்.

“மாவு தீந்துபோச்சுங்க.”

“அப்பறம்?”

வலதுகை அடையில் இருந்தது. அவள் இடதுகையை நீட்டிக் காட்டினாள்.

“அந்தக் குண்டாவுல கம்பும் பருப்பும் ஊறுதுங்க. ஆட்டுக்கல்லு அங்க கெடக்குது.”

நாச்சிமுத்து வேலப்பனைப் பார்த்தார். வேலப்பன் ஓமத்தண்ணீரை ஆற்றுவதில் ரொம்பக் கவனமாக இருந்தான்.

“ஆரு ஆட்டறது?”

“நீங்கதானுங்க.”

“நானா?”

“கை கழுவிட்டு ஆட்டுங்க. கொரகொரன்னு இருக்கோணும், மைய ஆட்டிப்போடாதீங்க.”

அவள் சத்தம் போடவில்லை. குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். அதுதான் நாச்சிமுத்துவை ஆட்டிவிட்டது. சத்தம் போட்டிருந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும்.

அவர் சாமியிடம் திரும்பினார். இதற்காகவா ஏழு நாள் இங்கே விட்டுவிட்டுப் போனேன், கோபம் அப்படியே இருக்கிறதே, இன்னும் ஒருபடி ஏறியல்லவா இருக்கிறது என்று கேட்டார். சாமி ஓமத்தண்ணீரைக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். அவர் தியானத்தில் இருக்கிறாரா தூங்கிவிட்டாரா என்று சொல்ல முடியவில்லை.

நாச்சிமுத்து எழுந்து நின்றார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். கடைசியாகத் தன்னிடம் இருந்ததை எடுத்தார்.

“ஒரே பேச்சு. நீ ஊட்டுக்கு வர்றியா, இல்ல உங்கண்ணன் ஊட்டுக்குப் போறியா?”

வேலப்பனுக்குப் பக்கென்றது. ஏழு நாளாக அவள் எதற்குப் பயந்துகொண்டிருந்தாள் என்பது அவனுக்குத் தெரியும்.

சம்பூர்ணம் இலையில் இருந்த கடைசித் துண்டை எடுத்து வாயில் போட்டாள். அவசரமில்லாமல் மென்றாள். அப்புறம் தலையைத் தூக்கிக் கணவரைப் பார்த்தாள்.

“அத, நீங்க சுட்டுப் போடற அடையத் தின்னுபோட்டுச் சொல்றனுங்க.”